அவர் முறுக்கிய நட்டு

போன வருடத்துக்கு முந்தின மார்கழியில் நடந்தது இது. மந்தைவெளியில் நாங்கள் இரண்டு பேர் குடியிருந்து, இப்போது நான் மட்டும் குடியிருக்கிற வீட்டின் மாடிப்படிக்குக் கீழே நடந்தது. மறக்க முடியாத அனுபவம் என்று சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பழைய ஸ்கூட்டரின் சக்கரத்தைக் கழற்றினோம், அவ்வளவுதான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழந்தையில் வந்த போலியோவால் எனக்கு இடது கால் சூம்பிப்போனது. வீட்டுக்குள் கைத்தடி, வெளியே இரண்டு பக்கமும் சைடு வீல் வைத்த ஸ்கூட்டர். மயிலாப்பூரில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை. பேருந்துப் படி எனக்கு எட்டாது. ஷேர் ஆட்டோவில் ஏறுவதற்குள் பின்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தே என்னைக் கொன்றுவிடும். அந்த ஸ்கூட்டர் இருந்தால்தான் நான் வெளியே போகிற மனுஷி, இல்லாவிட்டால் வீட்டோடு கிடக்கிறவள்.

வண்டியைக் கவனித்துக்கொண்டது என் கணவர். அவருக்கு ஒரு பழக்கம். எதை மூடினாலும், எதை முறுக்கினாலும், அது இனி இந்த ஜென்மத்தில் திறக்கக் கூடாது என்பது போல முறுக்குவார். குழாயை அவர் மூடினால் நான் இரண்டு கையாலும் திருக வேண்டும். தண்ணீர் பாட்டில், குக்கர் கைப்பிடி, ஊறுகாய் ஜாடி எல்லாமே அப்படித்தான். சமையலறையிலிருந்து நான் கத்துவேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு வந்து, ஒரு திருகில் திறந்து கொடுத்துவிட்டு, ஏதோ மலையைப் புரட்டியவர் மாதிரி போவார். எல்லாம் தன்னைக் கூப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் செய்கிறார் என்று நான் கேலி செய்வேன். அவர் மறுத்ததே இல்லை.

வண்டி நட்டுகளை முறுக்குவதற்கு மட்டும் வேறு காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலை, கோட்டூர்புரம் பாலத்தில் நான் தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது இடது பக்க சைடு வீல் ஆடி ஆடிக் கழன்றே போனது. முந்தின நாள்தான் ஒரு கடையில் கழற்றி மாட்டியிருந்தார்கள். விழுந்ததில் எனக்குத் தாடையில் தையல் போட்டார்கள். பின்னால் பஸ் வராததால் பிழைத்தேன். அன்றிலிருந்து, சக்கரத்தை அச்சோடு பிடிக்கிற அந்த ஆக்சில் நட்டுகளை அவர் வேறு யாரையும் தொட விடவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஒரு பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகி நீளமாக்கிக்கொண்டு, முழு உடம்பையும் கொடுத்து முறுக்குவார். முடிந்தது என்று நாம் நினைக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறுக்கு. அந்தக் குழாய்த் துண்டு எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நிற்கும்.

இனி கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால் கடல் தண்ணீர் என் காலில் பட்டதில்லை. சின்ன வயதில் பெசன்ட் நகர் போனால் அண்ணன், அக்கா, சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் அலைக்கு ஓடுவார்கள். என்னை மணலில் ஒரு துண்டை விரித்து உட்கார வைத்துவிட்டு, எல்லார் செருப்பையும் என் பக்கத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். நான் செருப்புக்குக் காவல். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. திரும்பி வரும்போது எனக்குத்தான் முதல் சுண்டல். இதை ஒரு ராத்திரி பேச்சுவாக்கில் என் கணவரிடம் சொன்னேன். அவர் புரண்டு படுத்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் விடிகாலையில் எழுப்பி, வண்டியில் பின்னால் உட்கார வைத்து, பெசன்ட் நகருக்கு ஓட்டிப் போனார். சாலையில் நிறுத்துவார் என்று பார்த்தால், மீன் படகுகள் கிடக்கிற பக்கமாக வழி கண்டுபிடித்து நேராக மணலில் இறக்கிவிட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்று முதுகில் குத்துகிறேன். ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஒன்றும் ஆகாது என்கிறார். அலை வருகிற இடத்தில் போய் நிறுத்தினார். ஒரு அலை வந்து சைடு வீலின் நடுப்பகுதி வரை ஏறி, என் இரண்டு காலையும் நனைத்துவிட்டுப் போனது. தண்ணீர் திரும்பும்போது காலுக்குக் கீழே இழுக்கும் என்று எல்லாரும் சொல்வார்களே, அது வண்டியில் உட்கார்ந்திருந்தும் தெரிந்தது. நான் சிரித்தேன், அழுதேன், என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. கடலை விட்டு வேறு எங்கும் பார்க்கவில்லை.

அதற்குள் சக்கரங்கள் மணலில் புதைந்துவிட்டன. படகுப் பக்கம் இருந்த சில மீனவர்கள் ஓடி வந்து, சத்தம் போட்டுக்கொண்டே வண்டியோடு என்னையும் சேர்த்துத் தள்ளி மேலே ஏற்றினார்கள். என் முதுகுப் பக்கம் அவர்கள் என்ன பேசினார்கள், இவர் என்ன பதில் சொன்னார் என்று அலைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினார். ஆனாலும் இடது சக்கரத்தில் கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்து கிரீஸ் வைக்கிறேன் என்றார். வியாழக்கிழமை மதியம் ஆபீஸில் நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்றார்கள். அவர் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவருக்குப் பால் தெளித்து முடித்திருந்தோம்.

அதன் பிறகு தாம்பரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். வண்டி மந்தைவெளியில் மாடிப்படிக்குக் கீழேயே நின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தத் தண்ணீரும் வந்து சக்கரத்தை ஊற வைத்துவிட்டுப் போனது.

அரையாண்டு விடுமுறை முடிந்து வேலைக்கு வருகிறாயா, இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா என்று பள்ளியில் கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "தனியா அங்க என்ன பண்ணப் போற? ராத்திரி விழுந்து கிடந்தாக் கூட யாருக்கும் தெரியாது" என்றார். பாசத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு மறுபடியும் துண்டை விரித்து உட்கார வைக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். அந்த வண்டி ஓடினால் நான் என் வீட்டில் இருப்பேன். ஓடாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணனோடு போய்விடுவேன். புது வண்டி வாங்கி, சைடு வீல் பொருத்தி, பதிவெல்லாம் மாற்றுவதற்குள் அந்த வேலை போயிருக்கும்.

வந்து பார்த்தால் இடது சக்கரம் அசையவே இல்லை. பேரிங் துருப்பிடித்து ஆக்சிலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தெருமுனை மெக்கானிக் வந்தார். ஆயில் ஊற்றினார், சுத்தியலால் தட்டினார், ஸ்பேனர் மேல் ஏறி நின்றே பார்த்தார். நட்டின் முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். மறுநாள் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் பார்த்துவிட்டு, கேஸ் கட்டர் வைத்து வெட்டினால் நட்டோடு ஆக்சிலும் போய்விடும், இந்த மாடல் சைடு வீல் இப்போது யாரும் செய்வதில்லை என்றார். "யாரு மாட்டுனதுக்கா இது? மனுசன் மாட்டுன மாதிரியே இல்ல. பேசாம எடைக்குப் போட்டுடு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாவம், அவர் மேல் என்ன தப்பு. என் கோபமெல்லாம் முறுக்கிவிட்டுப் போனவர் மேல். திறந்து கொடுக்க இருக்கப் போவதில்லை என்றால் ஏன் இப்படி முறுக்கினாய் என்று, படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு இரும்பு நட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் மீன் விற்கிற அம்மா ஒருவர் உண்டு. பெசன்ட் நகர் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருகிறவர். வீட்டைக் காலி செய்துவிடுவேன் போலிருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, வந்து சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரரு கடல்ல போற போட்டு இஞ்சின் ரிப்பேர் பாக்குறவருக்கா. உப்புத் தண்ணில ஊறுன நட்டு அவருக்கு இன்னா புதுசா? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் இட்டாறேன். அதுவரிக்கும் எவன் கைலயும் குடுக்காத."

மறுநாள் பள்ளி திறக்கிறது என்கிற ஞாயிற்றுக்கிழமை அது. அண்ணன் சாயங்காலம் வண்டி பேசி, சாமான் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் மாதா கோயிலிலிருந்து நேராக இரண்டு பேரும் வந்தார்கள். அந்த அம்மா பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக வந்ததில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவர் கணவர் அதிகம் பேசாதவர். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து மனைவியிடம் கொடுத்துவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தார். மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்த பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டார். அப்புறம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் காபி குடித்தோம். அவர் மறுபடியும் சொட்டு விட்டார், மறுபடியும் உட்கார்ந்திருந்தார். எனக்கோ அண்ணன் வந்துவிடுவாரே என்று அடித்துக்கொள்கிறது.

பிறகு, ஸ்பேனருக்கு நீளமாக ஏதாவது குழாய் இருக்கிறதா என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் கை விட்டு எடுத்துக் கொடுத்தேன். வாங்கிச் செருகினவர், கழற்றுகிற பக்கம் இழுக்காமல், முறுக்குகிற பக்கம் இழுத்தார். நான் பதறிவிட்டேன்.

"பயப்படாதக்கா. மொதல்ல போற பக்கமே கொஞ்சம் போவணும். துரு ஒடைஞ்சாத்தான் திரும்பி வரும்" என்றார். "சுடுதண்ணி கீதா? நல்லாக் கொதிக்கணும்."

அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். அந்த அம்மா அதைத் துணி பிடித்துத் தூக்கி வந்து நட்டின் மேல் மெதுவாக ஊற்ற, அவர் குழாயின் நுனியைப் பிடித்துக் கீழே அழுத்தினார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. டக் என்று ஒரு சத்தம். ஆக்சில்தான் முறிந்தது, எல்லாம் போனது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது நட்டு அவர் விரல்களில் சாதாரணமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? என்னால் முடியவில்லை. என் கணவர் உடம்பில் பலம் இருந்தபோது, என் பொருட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்ட முறுக்கு அது. அவர் போன பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதை நானே கெஞ்சி ஆள் வரவழைத்து, வெந்நீரும் வைத்துக் கொடுத்து அவிழ்த்துவிட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா பட்டுப்புடவையோடு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் கணவர் மரக்கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி, சக்கரத்தை அதன் நடுக்குடமான ஹப்போடு வெளியே எடுத்தார். உள்ளே கிரீஸ் கறுத்துக் கட்டியாகிக் கிடந்தது. அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"இது ரோட்டு மண்ணு இல்லியே. கடல் மண்ணு" என்றார். நிமிர்ந்து வண்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "அலைல மாட்டிக்கினு தள்னோமே, அந்த வண்டியா இது?"

நான் தலையாட்டினேன். என் கணவர் இறந்துவிட்டார் என்று மனைவி சொல்லி அவருக்குத் தெரியும். அது எந்த மனிதர் என்று அப்போதுதான் தெரிந்தது. கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"அந்த சாரா அது?" என்றார். "நான் நல்லாத் திட்டிட்டேன்கா அவர. அறிவு கீதா சார், எவனாச்சும் வண்டிய அலைல எறக்குவானான்னு. அவரு கோச்சுக்கவே இல்ல. இவ சின்னப் புள்ளைலேர்ந்து எல்லார் செருப்புக்கும் காவல் இருந்துட்டா, ஒரு நாளாவது கடலுக்குப் போவட்டும்னாரு. எனக்கு அப்ப ஒன்னும் புரியல. இன்னாடா செருப்புன்றாரு, கடல்ன்றாருன்னு நெனச்சிக்கினே தள்னேன்."

அப்படியானால், செருப்புக் கதையைச் சொன்ன அந்த இரவு என் கணவர் தூங்கவில்லை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் புரண்டு படுத்திருக்கிறார். இத்தனை நாள் கழித்து, பெயர் கூடத் தெரியாத ஒருவர் வாயிலிருந்து எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. அவரிடம் போய், கேட்டாயா அன்றைக்கு என்று கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

ஒரு தகரத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சக்கரத்தின் உள்பக்கத்தைக் கழுவத் தயாரான மீன்கார அம்மாவின் கணவர், கழுவாமல் என்னைப் பார்த்தார். "கழுவிடட்டுமாக்கா?" என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று எனக்கும் புரிந்தது, அந்த அம்மாவுக்கும் புரிந்தது. அந்த மணல் உள்ளே இருந்தால் சக்கரம் சுற்றாது. கழுவுங்கள் என்றேன். கறுப்பு கரைந்து போக, தட்டின் அடியில் கொஞ்சம் மணல் தங்கியது. வெயிலில் மினுங்கியது. அதை அவர் தெருவில் கொட்டவில்லை. என்னையும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வாசலில் நான் வைத்திருக்கிற செம்பருத்தித் தொட்டியின் ஓரத்தில் தட்டைக் கவிழ்க்கப் போனார். மண்ணெண்ணெய் பட்டால் செடி செத்துப்போகும் என்று மனைவி அதட்டியதும், சிரித்துக்கொண்டே மாடிப்படிக்கு அடியில் மூலையில் கொட்டினார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்துத் தெருக் கடையில் பேரிங்கும் புது நட்டும் கிடைத்தன. கிரீஸ் வைத்து, சக்கரத்தை மாட்டி, நட்டைப் போட்டு முறுக்கினார். ஸ்பேனரை மட்டும் வைத்துத்தான். குழாயைத் தொடவில்லை. நட்டு தானாகக் கழலாமல் இருக்க ஒரு பின்னைச் செருகி மடக்கிவிட்டுக் கையைத் துடைத்தார். எனக்குக் கோட்டூர்புரம் பாலம் நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரு முறுக்கு போடுங்களேன் என்றேன்.

"வேணாம்கா. இது போதும், உயிருக்கு நான் கேரண்டி" என்றார். "அடுத்த தபா கழட்டணும்ல."

அவருக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு அந்த இடத்தில் அடுத்த தடவை என்ற ஒன்று இருக்கிறது என்று யாரோ ஞாபகப்படுத்தின மாதிரி இருந்தது. என் கணவர் ஒரு நாளும் அப்படி யோசித்ததில்லை. அடுத்த தடவையும் தானே இருந்து திறப்போம் என்றுதான் நம்பினார். நானும் அதைத்தான் நம்பினேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தபோது நான் தெருவில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். கிறீச் சத்தம் இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரவழைத்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, ராத்திரி கதவை நன்றாகத் தாழ் போட்டுக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வேலைக்குப் போனேன். இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். மீன்கார அம்மா வருடத்துக்கு ஒரு தடவை தன் வீட்டுக்காரரைக் கூட்டி வந்து அந்த நட்டைக் கழற்றி கிரீஸ் வைக்கச் சொல்கிறார். முனகாமல் கழல்கிறது.

வீட்டில் என் கணவர் முறுக்கி வைத்ததெல்லாம் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தளர்ந்துவிட்டது. குழாய்க்குப் புது வாஷர் போட்டாயிற்று. குக்கர் கைப்பிடியை அக்கா மகன் மாற்றிக் கொடுத்துவிட்டான். மிச்சம் இருப்பது அலமாரியில் மேல் தட்டில் இருக்கும் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி மட்டும்தான். அவர் இறந்த அந்த வியாழக்கிழமை காலை, சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர் மூடிவிட்டுப் போனது. மீன்கார அம்மா ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, குடு, நான் திறந்து தரேன் என்று கை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லி அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். வண்டி இல்லாமல் என்னால் வாழ முடியாது, அதனால் அதன் நட்டைக் கழற்ற விட்டேன். ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்கும். அவர் கையின் பலம் இந்த வீட்டில் இன்னும் ஓர் இடத்தில் அப்படியே இருக்கிறது என்ற நினைப்பில்தான் தினமும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு எழுகிறேன்.